காப்பின் உட்புறம் ‘அரு’

மார்ச் 6, வியாழன்

இன்று நூற்றுப் பன்னிரண்டு வீடு. பதினோரு வீட்டில் கேட் பூட்டு, ஒரு வீட்டில் நாய். அந்த நாய்க்கும் எனக்கும் ஒன்பது வருடப் பழக்கம். இன்னும் என்னைப் பார்த்தால் தண்ணீர் மீட்டரைக் கழற்றிக்கொண்டு போக வந்தவன் என்றுதான் குரைக்கிறது. வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளெல்லாம் எண், எண், எண். வீட்டுக்கு வந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடப் பிடிப்பதில்லை.

திரும்பும் வழியில் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தேன். குடை வாங்கத்தான் போனேன். கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெள்ளிக் காப்பு. இரண்டு விரல் அகலம். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் திருகாணி. மேலே சுற்றிச் சுற்றிக் கொடியும் இலையுமாக வெட்டு வேலை. ஒரு இலைகூட இன்னொன்று மாதிரி இல்லை.

“பழசா?” என்றேன்.

“நல்ல பழசு” என்றார் கடைக்காரம்மா.

“யார் செஞ்சது?”

“யாரோ நல்லாச் செஞ்சிருக்காங்க.”

அந்த அம்மாவிடமிருந்து அதற்கு மேல் ஒன்றும் பெயராது. வாங்கிவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நானாக இவளுக்கு வாங்கிக் கொடுத்தவை: ஒரு குக்கர், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு டார்ச் லைட். டார்ச் லைட்டுக்கு என்ன பேச்சு வாங்கினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

குடை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் கொடுத்தேன். முதலில் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, மலர்ந்தது, நான் பார்த்தேன். இடது கையால் வாங்கிப் பார்த்து, “எனக்கா?” என்றாள். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

“நல்லா அகலமா இருக்கு பாரு. அந்தத் தழும்பு தெரியாது” என்றேன்.

முடிந்தது கதை.

“மறைக்கவா வாங்குனீங்க?”

“இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“நாலு மாசமா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கேன். காப்பு ஒண்ணுதான் மாட்டாம இருந்துச்சு. அதையும் வாங்கிட்டு வந்துட்டீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அதையும் பார்த்துவிட்டாள். அப்புறம் குரல் மாறியது. “யாரு செஞ்சதோ, எப்ப செஞ்சதோ. ஊர் பேர் தெரியாத ஒண்ண என் கையில மாட்ட மாட்டேன். அதுவும் இந்தக் கையில.” மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

நவம்பரில் பஸ் படியிலிருந்து வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு. உள்ளே ஒரு தகடு, ஆறு திருகு. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது. உள்ளங்கையை மேலே திருப்பு, கீழே திருப்பு, தினம் முப்பது தரம் என்று பிசியோ அம்மா எழுதிக் கொடுத்த தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியபடியே இருக்கிறது. முப்பது வருடம் துணி வெட்டிய கை. ஒரு கோடு போட்டால் கோட்டின் மேலேயே கத்தரி போகும். இப்போது கரண்டி பிடிக்கவும் இடது கை.

நான் ஏன் இப்படி இருக்கிறேன்? தழும்பு தெரியாதாம். அறிவு கெட்டவன்.

மார்ச் 8, சனி

டிராயர் திறக்கப்படவில்லை. நானும் திறக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

இவள் வேலை பார்க்கும் தையல்கடை முதலாளியம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவள் அடுப்படிக்குள் போய்விட்டாள், நான்தான் பேச வேண்டியதாயிற்று. நல்ல மனுஷி. ஆனால் அவருக்கும் கடை நடக்க வேண்டும். “வெட்டுற மேஜை காலியாவே கெடக்குதுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள வருவாளா மாட்டாளான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள் பாக்கணும்.”

சொன்னேன். “வேற ஆள் பாக்கட்டும்” என்றாள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

இவள் கடையை விட்டுவிட்டால் அப்புறம் இந்த வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டாள். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

மார்ச் 12, புதன்

“ஊர் பேர் தெரியாத ஒண்ண” என்றாள் அல்லவா? சரி, ஊர் பேரைக் கண்டுபிடித்துவிட்டால்? அப்போது என்ன சொல்வாள்? வேறு ஏதாவது சொல்வாள். இருந்தாலும் நம் பக்கம் ஒரு நியாயம் இருக்கும்.

இவள் குளிக்கப் போன நேரம் டிராயரைத் திறந்தேன். காப்பின் உட்புறம், கீலுக்குப் பக்கத்தில் என்னவோ வெட்டியிருக்கிறது. கறுத்துப் போய் ஒன்றும் புரியவில்லை. பற்பசையைப் போட்டு நன்றாகத் தேய்த்தேன். பளிச்சென்று இரண்டு எழுத்து வந்தது. அரு.

அரு! ஒரு ஆளின் இனிஷியல்! பக்கத்தில் மெல்லியதாக ஒரு கீறல் இருந்தது. அதுவும் தெளிந்து வருகிற மாதிரி இருந்து, தேய்த்ததில் போய்விட்டது.

மார்ச் 13, வியாழன்

பழைய சாமான் கடைக்காரம்மாவிடம் காட்டினேன். ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தவர் நிமிர்ந்தார்.

“பற்பசை போட்டுத் தேச்சீங்களா?”

“லேசா.”

“லேசாவா? ஏங்க, பழசுல கறுப்புதானே பழசு! செஞ்சவன் வெச்ச அடையாளத்தைத் தேச்சு எடுத்துட்டு, செஞ்சவன் யாருன்னு எங்கிட்ட வந்து கேக்கிறீங்களே!”

அசடு வழிய நின்றேன். பாவம் பார்த்து அந்தப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். காப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, வீடு காலி செய்தவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து போட்டார்கள், யாரென்று நினைவில்லை என்றார். கடைவீதிக் கோடியில் ‘அரு. நகைக்கடை’ இருக்கிறதே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். மாதாமாதம் அதன் மீட்டரைப் படிப்பவன் நான். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மார்ச் 15, சனி

நகைக்கடைக்காரர் காப்பை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார். அறுபது வயதிருக்கும் அவருக்கு.

“இது எங்கப்பா செஞ்சதுங்க.”

“நிச்சயமாவா?”

“அரு. எங்கப்பா இனிஷியல். இந்த முத்திரை போட்ட நகை இன்னும் நாலஞ்சு பாத்திருக்கேன். எல்லாம் அவர் கை.” மேலே மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். கீழே பிறந்த வருடமும் மறைந்த வருடமும். எண்பத்தொன்றில் போய்விட்டாராம். கடைசி வாரம் வரை பட்டறையில் உட்கார்ந்தாராம். பேசும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும் கொஞ்சம்.

கோட்டையைப் பிடித்தவன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன். செய்தவர் தெரிந்தது, காலமும் தெரிந்தது. எண்பத்தொன்றுக்கு முன்னால். இனி என்ன சொல்வாள்?

மார்ச் 16, ஞாயிறு

என்ன சொல்வாளா? நான் ஒரு மணி நேரம் கதை சொன்னேன். படம், பட்டறை, கண் கலங்கியது, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். “கொண்டாங்க பாப்போம்” என்றாள்.

பூதக்கண்ணாடியை இடது கையில் பிடித்து, காப்பை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். சரியாக வரவில்லை. கண்ணாடியை வலது கைக்கு மாற்றினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் பேப்பர் படித்தேன்.

“இந்த இலைக்குள்ள நிழலுக்குக் கோடு கோடா வெட்டியிருக்கே, பாத்தீங்களா? எல்லாக் கோடும் தப்புப் பக்கம் சாயுது.”

“தப்புப் பக்கம்னா?”

“எங்க கடையில பட்டனுக்குக் காஜா போடுற அக்காவுக்குச் சாப்பிடுற கையே நொட்டாங்கைதான். அவங்க ஓரம் தைச்சா தையல் எல்லாம் எதிர்ப்பக்கமாச் சாஞ்சிருக்கும். தூரத்துலேருந்தே சொல்லிடுவேன். இதைச் செஞ்சவரு நொட்டாங்கைக்காரரு.”

“காப்பைத் தலைகீழாப் பிடிச்சா கோடு நேராயிடுமோ என்னவோ.”

திருப்பிக் காட்டினாள். தலைகீழாக்கினாலும் கோடு அதே பக்கம்தான் சாய்கிறது. ஒரு தாளில் நானும் கோடு போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆமாம், மாறவில்லை! ஐம்பத்து நாலு வயதில் இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“உங்க நகைக்கடைக்காரர் அப்பா நொட்டாங்கையா?”

கேட்கவில்லையே! படத்தில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. இவள் கண்ணாடியை வலது கையில் பிடித்துக்கொண்டு மேலே திருப்பினாள், கீழே திருப்பினாள். உள்ளங்கை மேலே, உள்ளங்கை கீழே. நான் எண்ணினேன். நாற்பதுக்கு மேல். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவாள்.

மார்ச் 18, செவ்வாய்

பூதக்கண்ணாடியைக் கேட்டு அந்த அம்மா ஆள் அனுப்பினார். தொலைந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். டிராயர் இப்போதெல்லாம் திறந்தே கிடக்கிறது.

மார்ச் 20, வியாழன்

பிசியோ அம்மா வீட்டுக்கு வந்தார். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பரவால்லையே! போன தடவைக்கு இந்தத் தடவை பாதிக்கு மேல திரும்புது. தினமும் பண்றீங்களா?” என்றார்.

“நானா? ஒரு நாளும் பண்ணல” என்றாள் இவள், உண்மையாகவே.

நான் கூரையைப் பார்த்தேன். பிசியோ அம்மா என்னைப் பார்த்தார். இனி கொஞ்சம் கனம் தூக்க வேண்டுமாம், தடியான புத்தகம் ஒன்று போதுமாம்.

மார்ச் 21, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பரணில் இவள் அப்பாவின் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்று கிடந்தது. வீட்டில் உள்ளதிலேயே தடி அதுதான். கனம் தூக்க அதை எடுத்துக்கொண்டாள். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். “இங்க வாங்க!” என்று ஒரு கத்தல். கையில் போட்டுக்கொண்டாளோ என்று ஒற்றை ஷூவோடு ஓடினேன்.

புத்தகம் நடுவில் திறந்தபடி மேஜையில். “பக்க நம்பரப் படிங்க.”

மேல் மூலையில், ‘அரு’ என்று இருந்தது. அச்சு அசலாக அதேதான்.

“அடுத்த பக்கம்?”

‘அசு’.

“முன்பக்கம்?”

‘அச’.

“இது எழுத்து இல்லைங்க. எண். நம்ம பழைய தமிழ் எண். அ மாதிரி இருந்தா எட்டு, ரு மாதிரி இருந்தா அஞ்சு. எண்பத்தஞ்சாம் பக்கம். காப்புல இருக்கிறது ஆள் பேர் இல்ல, வருஷம்!” என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எண்ணு படிக்கிற மனுஷன். கைக்குள்ள ஒரு எண்ணை வெச்சுக்கிட்டு, ஊரெல்லாம் போய் ஆள் தேடியிருக்காரு.”

சிரித்தாள். நவம்பருக்கு அப்புறம் இவள் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். என்னை வைத்துத்தான் சிரித்தாள், இருக்கட்டும். இன்னும் நாலு தப்பு செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அப்புறம் சட்டென்று நிறுத்தினாள். “அவங்கப்பா எண்பத்தொண்ணுல போயிட்டாருன்னு சொன்னீங்களே?”

ஆமாம். எண்பத்தைந்தில் அவர் எப்படிக் காப்பு செய்வார்?

மார்ச் 22, சனி

நகைக்கடைக்கு இவளும் வந்தாள். நடந்து போகிற தூரம்தான், இருந்தாலும் ஆஸ்பத்திரியைத் தவிர நாலு மாதத்தில் இதுதான் முதல் தடவை. முழுக்கைச் சட்டையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு பேர் “கை எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள், இரண்டு பேரிடமும் “இருக்கு” என்றாள்.

விஷயத்தை நான் சொல்ல ஆரம்பித்து உளறினேன். இவள்தான் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். நகைக்கடைக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “அதெப்படிங்க? அரு எங்கப்பா பேரு.” புத்தகத்தைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார், அப்பா படத்தைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது. மனிதர் அப்பாவின் நினைவாக நினைத்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டோமே?

“எங்கப்பா நொட்டாங்கை இல்லீங்க” என்றார், அப்பா நொட்டாங்கையா என்று இவள் கேட்டதற்கு. “ஆனா எண்பத்தஞ்சுல எங்க பட்டறையில ஒருத்தன் இருந்தான். அவனுக்குப் பேரே நொட்டாங்கைதான். அடப்பாவி! நாப்பது வருஷமா இதைப் பாத்து எங்கப்பா எங்கப்பான்னு உருகிட்டு இருக்கேன், அவன் வருஷத்தை வெட்டிட்டுப் போயிருக்கானா?” அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “இருக்கான் இருக்கான். பஸ் டிப்போவுக்குப் பின்னால கேடயம், கோப்பையில எல்லாம் பேர் வெட்டித் தர்ற கடை. போய்ப் பாருங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க.”

திரும்பும்போது இவள் பேசிக்கொண்டே வந்தாள். “வலது கை போயிருக்கும்ங்க அவருக்கு. அதான் இடது கையில பழகியிருக்காரு. அப்படி ஒரு ஆளு இவ்வளவு நல்லா வெட்டியிருக்காருன்னா...” மீதியைச் சொல்லவில்லை. நானும் அதேதான் நினைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

சண்டை.

டிப்போவுக்கு எட்டு ஸ்டாப். இவள் விழுந்த அதே நம்பர் பஸ். இவள் கடைக்குப் போவதும் அதே பஸ்தான். “நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றாள். வாடகை வண்டி பிடித்துப் போகலாம் என்றேன், அதற்கும் வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பஸ்ஸப் பாத்துப் பயந்துக்கிட்டே இருந்தா கடைக்கு எப்படிப் போவ?”

“கடைக்குப் போறேன்னு யாரு சொன்னா?”

“அப்ப என்னதான் பண்ணப் போற? இன்னும் ஏழு நாள் இருக்கு. அந்தம்மா வேற ஆளப் போட்டுருவாங்க.”

“போடட்டும்! விழுந்தது நீங்களா நானா? அந்தக் கத்தரிய எடுத்து நீங்களா புடிச்சுப் பாத்தீங்க? நான் புடிச்சுப் பாத்தேன். ஜனவரியில, நீங்க வேலைக்குப் போனப்ப. ஒரு கோடு நேரா வரல. ஒரே ஒரு கோடு!”

எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் எனக்குத் தெரியாது. தனியாக உட்கார்ந்து துணியை வெட்டிப் பார்த்து, அந்தத் துணியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, நான் வரும்போது காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் போய்த் தழும்பு தெரியாது என்று காப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.



மார்ச் 25, செவ்வாய்

சாப்பாடு மேஜையில் மூடி இருந்தது.

மார்ச் 27, வியாழன்

காலையில் நான் பையை எடுக்கும்போது கதவருகில் வந்து நின்றாள். “நீங்க தேச்சு எடுத்தீங்களே ஒரு கீறல். அதோட வால் இன்னும் கொஞ்சம் இருக்கு. கொக்கி மாதிரி. அது என்னன்னு தெரியாம எனக்கு மண்டை வெடிச்சிரும். சனிக்கிழமை போலாம்.”

“வண்டி சொல்லிடட்டுமா?”

“பஸ்ஸுலதான்.”

இன்று எந்தத் தெருவில் என்ன மீட்டர் படித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

மார்ச் 29, சனி

முதல் பஸ்ஸை விட்டுவிட்டாள். கூட்டமாம். இரண்டாவதில் கூட்டமே இல்லை, அதையும் விட்டுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வந்து நின்றது. கம்பிக்கு எதிரில் போய் நின்றாள். டிரைவர் எட்டிப் பார்த்து, “ஏறுறீங்களா இல்லையாம்மா?” என்றார்.

“ஏறத்தான் நிக்கிறேன். அவசரப்படுத்தாதீங்க” என்று ஒரு அதட்டல். வலது கையால் கம்பியைப் பிடித்தாள். விரல் வெளுத்துப் போகிற அளவுக்குப் பிடித்தாள். ஒரு படி. இன்னொரு படி. நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“கைய இறக்குங்க, எல்லாரும் பாக்குறாங்க.”

எட்டு ஸ்டாப்பும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை.

நொட்டாங்கைக்காரர் கடை ஒரு ஆள் உட்காரும் அளவு. சுற்றி அடுக்கடுக்காகக் கேடயங்கள். எழுபது இருக்கும், நல்ல தெம்பான ஆள், ரேடியோவை விடச் சத்தமாகப் பேசுகிறார். காப்பைக் கையில் வாங்கியதுமே, “என் இலை!” என்றார். “இது எந்தக் காப்பு, யாருக்குன்னு கேட்டா தெரியாதும்மா. அப்ப வாரத்துக்கு ஒண்ணு செஞ்சேன். ஆனா இலை என் இலைதான்.”

நடந்ததைச் சொன்னோம். நகைக்கடைக்காரர் அப்பாவின் பேர் என்று நினைத்ததைச் சொன்னதும், மேஜையில் தட்டிச் சிரித்தார்.

“அந்தக் கடையில வேலை செய்யிறவன் தன் பேரை வெட்டக்கூடாது. அதான் சட்டம். சரி, வருஷத்தையாவது வெட்டுவோம்னு தமிழ் எண்ணுல வெட்டினேன். எண்பத்துநாலுல ‘அச’. என்னடா இதுன்னு கேட்டான், பூ வேலைன்னு சொல்லிட்டேன். எண்பத்தஞ்சு பொறந்துச்சு, ‘அரு’ன்னு வந்துச்சு. அவனுக்குச் சந்தோஷம் தாங்கல. எங்கப்பா பேரப் போட்டிருக்கியேன்னு கட்டிப்புடிச்சுக்கிட்டான்! நான் என்ன சொல்லுவேன்? வாய மூடிட்டேன். நாப்பது வருஷத்துல அது அவங்கப்பாவே செஞ்சதுன்னு ஆகிடுச்சு போல. எண்பத்தாறுல ‘அசு’ன்னு வெட்டினதும் மாட்டிக்கிட்டேன். ‘அசுவா? அதென்னடா தும்மலா?’ன்னு சத்தம். வருஷம்னு சொல்ல வாய் வரல. சொன்னா அந்த அருவும் வருஷம்தான்னு தெரிஞ்சிரும், பாவம். வெளிய வந்துட்டேன். இந்தக் கடைய வெச்சேன்.”

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். “எண்ணுக்குப் பக்கத்துல ஒரு கொக்கி வெட்டியிருப்பேனே? அதுதானே நான். யாரு தேச்சது?”

நான் ஒரு கேடயத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“இவருதான்” என்றாள் இவள். “பற்பசை போட்டு.”

அவர் காப்பை எனக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார். அதுதான் சங்கடமாக இருந்தது.

அப்புறம் இவள் கேட்டாள். கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாள் என்று எனக்குத் தெரியும். குரல் தாழ்ந்துவிட்டது. “உங்க வலது கைக்கு என்ன ஆச்சுங்க?”

“வலது கைக்கா? ஒண்ணும் ஆகலையே.” அந்தக் கையை நீட்டி விரல்களை ஆட்டிக் காட்டினார். “நல்லாத்தான் இருக்கு. பொறந்ததுலேருந்தே எனக்கு நொட்டாங்கைதான்மா.”

இவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. “கொக்கிய மறுபடி வெட்டித் தாங்க” என்று காப்பை நீட்டினாள். இடது கையால் ஒரே இழுப்பு, அவ்வளவுதான். வெட்டிவிட்டு, “மாட்டிக்கோம்மா” என்றார். இரண்டு சட்டைக் கையையும் மேலே தள்ளி, வலது கைத் தழும்பை மறைக்காமல், இடது கையில் காப்பை மாட்டிக்கொண்டாள். திருகாணியை வலது கை விரலால் முடுக்கினாள். இரண்டு தரம் நழுவியது. நான் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். மூன்றாவது தரம் முடுக்கிவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாலு ஸ்டாப் வரை காப்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ஏமாந்துவிட்டாளே என்று. திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ஒண்ணும் ஆகலையாம்ங்க! நான் என்னென்னமோ கதை கட்டி வெச்சிருந்தேன். அடிபட்டவரு, பழகினவரு, எனக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுவாருன்னு. பொறந்ததுலேருந்தே அப்படித்தானாம்.”

“வருத்தமா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கை ஒடஞ்சது எனக்குத்தான். அவருக்கு எப்படித் தெரியும்? நானே ஏதாவது பண்ணாத்தான் உண்டு.” வெளியே எட்டிப் பார்த்து, “ஏறுனது ஏறியாச்சு. நம்ம ஸ்டாப் வருது, நீங்க முன்னால எறங்குங்க” என்றாள்.

மார்ச் 31, திங்கள்

நான் ஞாபகப்படுத்தவில்லை. காலையில் அவளே போனை எடுத்தாள்.

“நான்தான்க்கா. நாளைக்கு வர்றேன். மொத வாரம் காஜாவும் ஓரமும் குடுங்க. வெட்டுற மேஜைக்கு நானா சொல்றப்ப வர்றேன். கோடு கோணலாப் போனா திட்டக்கூடாது... ஆமா, நல்ல துணியத் தராதீங்க, கிழிஞ்சதத் தாங்க.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவள் சிரித்தாள். “பஸ்ஸுலதான் வருவேன்” என்றாள்.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மீட்டர் ஓடியிருக்கும். ஓடட்டும்.

பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். கிடைத்துவிட்டதா என்று கடைக்காரம்மா கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

காஜா. ஓரம். வலி. சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம். நாளைக்கு லீவா என்று கேட்டேன், முறைத்தாள்.

ஏப்ரல் 9, புதன்

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு பூட்டியிருக்கிறது. என்னிடம் சாவி இல்லை. நாலைந்து மாதமாக எப்போது வந்தாலும் உள்ளேயிருந்து இவள்தான் திறப்பாள், சாவி எடுத்துக்கொண்டு போகிற பழக்கமே விட்டுப்போய்விட்டது. மணியை அடித்துவிட்டு முட்டாள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது தரம் அடிக்கும்போதுதான் உறைத்தது, வீட்டில் ஆள் இல்லை!

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பரவாயில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

கடைக்குப் போன் செய்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவில் எடுத்தாள்.

“சாவி இல்லாம யாரு போகச் சொன்னது? இப்ப என்னால வர முடியாது. மேஜையில ரெண்டு சட்டை கெடக்கு, வெட்டி முடிச்சுட்டுத்தான் வருவேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.”

“வெட்டுறியா?”

“பின்ன? உக்காந்திருங்க.”

உட்கார்ந்திருக்கிறேன்.